முப்பது விநாடி அழுகை

போன மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். ஓய்வுபெற்ற யாராவது வந்து பேச வேண்டுமாம்.

"ஒரே ஒரு சக்சஸ் ஸ்டோரி போதும் மேடம். பத்து நிமிஷம். முன்ன எப்படி இருந்தாங்க, பின்ன எப்படி இருக்காங்கனு ரெண்டு போட்டோ காட்டுனீங்கன்னா சூப்பரா இருக்கும்" என்றாள் பேசிய பெண்.

"என்கிட்ட போட்டோ கெடையாதும்மா."

"ஏன் மேடம், எடுக்கலையா?"

"ஒண்ணே ஒண்ணு எடுத்தேன். அத்த நெனச்சா இப்பவும் பத்திக்கினு வருது."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பத்து நிமிடத்தில் புரியவைக்க என்னாலும் முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்து ஒப்பந்த ஊழியராகவே வீட்டுக்கு வந்தவள். முதலில் ஒரு தொண்டு நிறுவனம், பிறகு குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சங்கராபுரம் பக்கம் பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்று தகவல் வரும், ஓடுவேன். கரும்பு வெட்டப் போன குடும்பம் பிள்ளைகளையும் கூட்டிப் போய்விட்டது என்பார்கள், பஸ் பிடித்துப் போவேன். பந்தலில் நின்றால் திட்டுவார்கள். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் என் மேல் மண்ணை வாரித் தூற்றினார். தலைமுடியிலிருந்து அது போக இரண்டு நாள் ஆயிற்று. ஆனாலும் அந்தக் காலத்தை நான் குறை சொல்லமாட்டேன். எதிரில் ஒரு ஆள் நின்றார். அவரிடம் பேசலாம், சண்டை போடலாம், சட்டத்தைக் காட்டலாம். கடைசி வருடங்களில்தான் எதிரில் யாருமே இல்லாத வேலையைச் செய்ய வேண்டி வந்தது.

எங்கள் அலுவலர் அருணாசலம் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குரலை உயர்த்தவே மாட்டார். ஜீப் டிரைவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கையின் மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே படிப்பார். ஸ்கேல் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் அங்கே ஒரு கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம். நான் எழுதிய முதல் அறிக்கையில் 'குழந்தை பரிதாபமான நிலையில் இருந்தது' என்ற வரியில் நின்றது.

"பரிதாபம்னா என்னங்க? நேத்து எத்தனை வேளை சாப்பிட்டுச்சு?"

"கேக்கல சார்."

"அப்ப பரிதாபப்பட்டது நீங்க. அந்தப் புள்ள என்ன நிலையில இருந்துச்சுனு நமக்கு இன்னும் தெரியாது. போய்க் கேட்டுட்டு வாங்க."

அதன் பிறகு தாளை மூன்றாக மடித்து எழுதச் சொன்னார். பார்த்தது, கேட்டது, நினைத்தது. மூன்றாவது பத்தி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பார். இன்னொரு விதியும் உண்டு. ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போனால் எல்லோருடைய போனும் ஜீப்பிலேயே இருக்க வேண்டும். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வயதானவர்களின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

இனி அந்தப் பெண்ணின் கதை. அவள் பெயரைச் சொல்லமாட்டேன். செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மலை மேல், கரியாலூருக்கு அப்பால் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செல்விக்கு அப்போது பத்து வயது. அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு, கட்டிலோடு கிடந்தார். செல்வி காலையில் கஞ்சி காய்ச்சி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். நன்றாகப் படிப்பாள் என்று தலைமையாசிரியை சொன்னார். அருவி பார்க்க வந்த ஒருவர் கண்ணில் இந்தக் குடும்பம் பட்டது. பிரபு என்று வைத்துக்கொள்வோம். சின்னசேலம் பக்கத்து இளைஞர். ஏழைகளுக்கு உதவி செய்வதைப் படமெடுத்துப் போடுகிற சேனல் வைத்திருந்தார். அரிசி மூட்டை, புடவை, மளிகைச் சாமான் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு நாள் கேமராவோடு வந்தார்.

அந்த வீடியோவில், கட்டிலில் அம்மா படுத்திருக்க, பக்கத்தில் நிற்கும் செல்வியிடம் பிரபு கேட்கிறார். "அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சினா நீ இன்னாமா பண்ணுவ?"

அந்தப் பிள்ளை ஒரு நொடி அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறது. பிறகு முகம் கோணுகிறது. "எனக்கு அம்மா மட்டும் போதும்" என்று சொல்லி அழ ஆரம்பிக்கிறது. கேமரா கிட்டே போகிறது. இன்னும் கிட்டே போகிறது.

வீடியோவைத் திறந்தால் முதலில் கிரீம் பிஸ்கட் விளம்பரம் வரும். அதில் ஒரு குழந்தை கன்னமெல்லாம் சாக்லெட் அப்பிக்கொண்டு சிரிக்கும். அடுத்த நொடி செல்வி.

யாரோ அந்த அழுகையை மட்டும் முப்பது விநாடிக்கு வெட்டினார்கள். யாரோ பாட்டு சேர்த்தார்கள். பிறகு எங்கெங்கோ இருக்கிற பெண்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, "எனக்கு அம்மா மட்டும் போதும்" என்று செல்வியின் குரலுக்கு வாயசைத்துப் போட்டார்கள். மூன்று வாரத்தில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே அவளைக் கண்டால் அந்த வரியைச் சொல்லி அழுவதுபோல் நடிக்கத் தொடங்கினார்கள். சனி, ஞாயிறில் அருவிக்கு வருகிறவர்கள் "அந்தப் புள்ள வூடு எதுங்க?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கையில் பழம், பிஸ்கட், போன். "பாப்பா, அத்த ஒரு வாட்டி சொல்லு" என்று கேட்டவர்களும் உண்டு.

தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். "ஒன்பது நாளா பள்ளிக்கூடம் வரல மேடம். ஆள் சத்தம் கேட்டாலே மரவள்ளிக் கொல்லைக்குள்ள போய் ஒளிஞ்சிக்குது."

மலைக்குப் போனேன். செல்வியின் அம்மா யாரையும் குறை சொல்லவில்லை. "அவர திட்டாதீங்கம்மா. அரிசி குடுத்தாரு. நல்ல மனுசன்தான். எங்களாண்ட கேட்டுட்டுத்தான் எடுத்தாரு. இப்பிடி ஆவும்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

செல்வியைக் கொல்லையில் தேடிப் பிடித்தேன். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். என் இரண்டு கையையும்தான் முதலில் பார்த்தாள். போன் இல்லை என்று தெரிந்ததும் பேசினாள்.

"அத்த அழிச்சிடுங்க மேடம்."

"அழிச்சிடலாம்மா."

"நெசமாவா?"

"நெசமா."

அலுவலகத்தில் அருணாசலம் சாரின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. வெகுநேரம் நின்றது. "அழிக்கிறேன்னு சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"உங்க கையில இருக்கா அது?"

"புகார் குடுத்துப் பாக்கறேன் சார்." "சரி, முயற்சி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

முயற்சி என்றால் என்ன தெரியுமா? அந்தத் தளத்தின் புகார் படிவத்தைத் திறந்து உட்கார்ந்தேன். 'இந்தக் காணொளியில் இருப்பவர் நீங்களா?' இல்லை. 'பெற்றோரா?' இல்லை. அப்படியானால் பெற்றோரையே புகார் செய்யச் சொல் என்றது. பெற்றோருக்கு மின்னஞ்சல் முகவரி வேண்டும். செல்வியின் அம்மாவிடம் இருந்தது பட்டன் போன், அதற்கும் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். அவர் சம்மதத்தோடு அவர் பெயரில் ஒரு முகவரி தொடங்கினேன். என் போனுக்குக் குறியீட்டு எண் வந்தது, அதைப் போட்டேன். படத்தில் தெரியும் சாலைக் கம்பங்களைத் தேர்ந்தெடுத்து நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது, நிரூபித்தேன். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ ஆறுவதற்குள் பதில். 'உங்கள் புகாரைப் பரிசீலித்தோம். இந்தக் காணொளி எங்கள் சமூக விதிமுறைகளை மீறவில்லை.'

பரிசீலித்தது யார்? பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. பந்தலில் மண்ணை வாரித் தூற்றினாரே அந்தத் தாய்மாமன், அவர் எவ்வளவோ மேல். மனிதன்தான் என்று என்னை நிரூபிக்கச் சொன்ன இடத்தில் எனக்குப் பதில் சொன்னது மனிதனா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். "அந்த ஆளு அடிச்சானா மேடம்? தப்பா நடந்துக்கினானா? அரிசிதானே குடுத்தான்?" என்றார் அங்கிருந்தவர். புகாருக்காக நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்த ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு பார்வை கூடியது. அது போதாதென்று என் போன் எனக்கு அழுகிற குழந்தைகளாகவே காட்ட ஆரம்பித்தது. பசியால் அழுகிற குழந்தை, ஊசிக்கு அழுகிற குழந்தை, அம்மா விளையாட்டுக்குப் பயமுறுத்தி அழவைத்த குழந்தை. எனக்குப் பிடிக்கும் என்று அது முடிவு செய்துவிட்டது.

ஒருவழியாக விஷயத்தைக் குழந்தைகள் நலக் குழு முன்னால் வைத்தோம். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. குழு பிரபுவை வரச் சொன்னது. வந்தார். தனியாக அல்ல. கூட ஒரு நண்பர், சட்டைப் பையில் போன், கேமரா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அருணாசலம் சார் எழுந்து போய் அந்த நண்பருக்கு ஒரு நாற்காலி போட்டார். "உக்காருங்க. போன மேசை மேல கவுத்து வச்சிடுங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அவ்வளவுதான். போன் கவிழ்ந்தது.

பிரபு கெட்டவர் இல்லை. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. "நான் இன்னா சார் தப்பு பண்ணேன்? வயித்துக்கு சோறு போட்டேன். கவுருமெண்ட்டு பண்ணாதத நான் பண்ணேன்" என்றார். உண்மையாகவே நொந்துபோயிருந்தார்.

"சோறு போட்டது நல்லதுதாங்க" என்றார் சார். "அந்தக் கேள்விய எதுக்குக் கேட்டீங்க?"

"எது சார்?"

"அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்ணுவேனு. அம்மாவ பக்கத்துல வச்சிக்கினு."

பிரபு தலையைச் சொறிந்தார். "ஒரு ஃபீல் வரணும்ல சார்."

"அழாத பகுதிய மட்டும் போட்டிருக்கலாமே?"

"அத்த எவன் சார் பாப்பான்?"

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான வாக்குமூலம் அது. குழு உத்தரவு போட்டது. பிரபு அன்றே வீடியோவை எடுத்துவிட்டார். நானும் அப்பாடா என்று வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பார்த்தால், 'ஏழைக்கு உதவியது குற்றமா?' என்று புது வீடியோ. முகப்பில் செல்வியின் அழுத முகம், சுற்றிச் சிவப்பு வட்டம். அதை நீக்க இன்னொரு உத்தரவு. அதற்குள் அதையும் நாலு பேர் வெட்டியிருந்தார்கள். அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், சம்மன் எந்த ஊருக்கு அனுப்புவது, எதுவும் தெரியாது.

இதற்கிடையில் செல்வி மெல்லத் தேறினாள். தலைமையாசிரியை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் பேசினார். செல்விக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்க வழி செய்தோம். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி ஏற்பாடாயிற்று. ஒரு திங்கள்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தாள். அன்றைக்குத்தான் நான் அந்த போட்டோவை எடுத்தேன்.

அந்த வாரம் ஆய்வுக் கூட்டம். செய்த வேலையைப் படத்தோடு போடுங்கள் என்று அலுவல் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருந்தது. சார் அன்று என்னோடு வரவில்லை. போன் என் பையில் இருந்தது. சீருடையில், இரட்டைப் பின்னலில், சிரித்த முகமாக நின்றாள் செல்வி. எனக்குப் பெருமை. 'குழந்தை மீண்டும் பள்ளியில் சேர்க்கப்பட்டது' என்று எழுதி, கும்பிடும் கை படமும் சேர்த்துப் போட்டேன். முகத்தை மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நம் குழுதானே என்ற நினைப்பு. அந்தக் குழுவிலிருந்து வேறு குழு, அங்கிருந்து இன்னொன்று. மறுநாள் மத்தியானம் ஒரு உள்ளூர் செய்திப் பக்கத்தில் என் போட்டோவும் பழைய அழுகைப் படமும் பக்கத்தில் பக்கத்தில். முன்பு, பின்பு. 'அம்மா மட்டும் போதும் சிறுமி இப்போது எப்படி இருக்கிறார் பாருங்கள்!'

நான் மலைக்குப் போவதற்குள் அவளிடம் யாரோ காட்டியிருந்தார்கள். இந்தத் தடவை அவள் ஓடி ஒளியவில்லை. வீட்டு வாசலிலேயே நின்றாள்.

"நீங்களுமா மேடம்?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அருணாசலம் சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மடித்த தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுதுங்க. முதல் பத்தியில."

"என்ன சார் எழுதறது?"

"குழந்தையோட முகத்தை வெளியிட்டது யாருன்னு பிரபு விஷயத்துல எழுதுனீங்கல்ல, அதே மாதிரி."

எழுதினேன். என் பெயர், பதவி, நாள், நேரம். அவர் ஸ்கேலை வைத்து அதையும் படித்தார், கையெழுத்துப் போட்டார், குழந்தைகள் நலக் குழுவுக்கு அனுப்பினார். குழு எனக்குக் கண்டனக் குறிப்பு கொடுத்தது. அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வருத்தம் வேறு. ஆறு மாதம் ஒரு கம்பெனியோடும் ஒரு சேனலோடும் நான் எதற்காகச் சண்டை போட்டேனோ, அதையே என் கட்டை விரலால் ஒரு நொடியில் செய்தேன். எனக்குக் காசும் வரவில்லை, பார்வையும் வரவில்லை. நான்கு பேர் 'சூப்பர் மேடம்' என்று போட்டார்கள். அதற்காகத்தான்.

அடுத்த கல்வியாண்டில் செல்வி கீழே ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனாள். அங்கே யாரும் அவளை அடையாளம் காணவில்லை. இரண்டு வருடம் கழித்து அம்மா இறந்துபோனார். அப்பா கேரளாவை விட்டுவிட்டுத் திரும்பி வந்து சாமை போட்டுக்கொண்டு ஊரோடு இருந்துவிட்டார். அருணாசலம் சார் ஓய்வு பெற்றார். வருடத்துக்கு இரண்டு தடவை நான் செல்வியைப் போய்ப் பார்ப்பேன். என்னோடு அளவாகத்தான் பேசுவாள்.

என் வேலையின் கடைசி மாதத்தில் கடைசித் தடவையாக மலைக்குப் போனேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பதினான்கு வயது, என் உயரம் வந்துவிட்டாள்.

"மேடம், அந்த வீடியோ இன்னும் கீதா?"

பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "முழுசு இல்லம்மா. வெட்டுனது ஒண்ணு ரெண்டு எங்கனா கெடக்கும். எவ்ளோ எழுதிப் போட்டாலும் போவ மாட்டேங்குது."

"வெட்டுனது வேணாம். முழுசுதான் வேணும்."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன்.

"எங்க வூட்ல அம்மா போட்டோ ஒண்ணுதான் கீது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. குரலு எதுலயுமே இல்ல. அன்னிக்கி நான் அழுவச்சொல்லோ அம்மா கட்டில்ல இருந்து என்னய கூப்புடும். 'அழுவாத கண்ணு, நான் எங்கயும் போவல, இங்க வா'னு. அது அந்த முழு வீடியோல கீது." பிறகு, "எனக்கு மட்டும் வேணும். வேற யாருக்கும் வேணாம்" என்றாள்.

அந்த வீடியோவை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். விநாடி விநாடியாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அம்மா பேசியது என் எந்தப் பத்தியிலும் இல்லை. நானும் அழுகிற முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லாரையும் போல.

சின்னசேலத்தில் பிரபுவைத் தேடிப் போனேன். ஒரு செல்போன் கடையில் இருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. விஷயத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டார். பழைய கம்ப்யூட்டரில் அரை நாள் தேடி எடுத்து ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டார். கையில் கொடுக்கும்போது கேட்டார், "மேடம், இத்த அந்தப் பொண்ணு கையில குடுக்கறத மட்டும் ஒரு ஷாட் எடுத்துக்கலாமா? மூஞ்ச மறச்சிடறேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியை என் கண் முன்னாலேயே அழிக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

மறுநாள் மலைக்குப் போனேன். வேலை விஷயமாக அல்ல. அப்பா கொல்லையில் இருந்தார். அந்தக் கார்டைப் போட்டுப் பார்க்க ஒரு பழைய போனை வாங்கிக்கொண்டு போயிருந்தேன், சிம் இல்லாதது. இரண்டையும் செல்வியின் கையில் கொடுத்தேன். எப்படித் திறப்பது என்று காட்டப்போனேன்.

"தெரியும் மேடம்" என்றாள். "நீங்க வெளிய இருங்க."

வெளியே வந்தேன். கதவை அவள் உள்ளேயிருந்து சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பிரபுவின் குரல் லேசாகக் கேட்டது. வாசலில் நின்றால் அடுத்தது எனக்கும் கேட்கும். கேட்காத தூரம் வரை நடந்து போனேன்.